பச்சை உடம்போடு என்.ஐ.சி.யூ.வுக்குப் போகலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் 30-வது வாரத்திலேயே என் மனைவிக்கு சிசேரியன் செய்தார்கள். ஆண் குழந்தை, 1,240 கிராம். பரேல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறான், இன்று ஒன்பதாம் நாள். முதலில் வென்டிலேட்டர், இப்போது சிபாப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் கருவி). எடை 1,130 கிராமுக்கு இறங்கிவிட்டது. மானிட்டர் கத்தும்போதெல்லாம் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்று சொல்கிறார். மனைவி வீட்டில் அழுதபடி இருக்கிறாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், பச்சை உடம்புக்காரி நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்கிறார். பாலும் குறைந்துவிட்டது, ஒரு தடவைக்குப் பத்து மில்லிதான் வருகிறது. பவுடர் பாலுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மனைவிக்கு இந்தியும் தெரியாது. பில்லை நினைத்தால் தூக்கம் வரவில்லை. இன்னும் எத்தனை நாள்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கேட்டிருப்பதில் பாதிக்கு இதுதான் பதில். குறைமாதக் குழந்தைக்குத் தாயின் பாலும் தாயின் உடம்புச் சூடும் மருந்துகளுக்கு இணையான சிகிச்சை. அந்தச் சிகிச்சையைத் தரக்கூடியவர் இப்போது செம்பூரில் ஒரு அறைக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. சிசேரியன் ஆகி ஒன்பது நாள்தான் ஆகிறது. உடம்புக்கு ஓய்வு தேவைதான். ஆனால் ஓய்வு வேறு, அடைத்து வைப்பது வேறு. கனமான பை தூக்க வேண்டாம், மாடிப்படி குறைவாக ஏறட்டும், லோக்கல் ரயில் நெரிசல் வேண்டாம். செம்பூரில் ஏறும் ஆட்டோ சயானைத் தாண்டிப் போகாது. நடுவில் இறங்கி மாறாமல் வீட்டு வாசலிலிருந்தே டாக்ஸி வையுங்கள். என்.ஐ.சி.யூ.வில் சாய்ந்து உட்காரும் நாற்காலி ஒன்று கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். மாமியாரிடம் இரண்டு பெரிய வேலைகளை ஒப்படையுங்கள். ஒன்று, மகளுக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் முட்டையும் தாராளமாக இருக்கட்டும். பத்தியம் என்று தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. இன்னொன்று, இரவு இரண்டு மணிக்கு மகளை எழுப்பி, பால் எடுக்கும்போது கூட உட்கார்ந்திருப்பது.

உங்கள் மனைவியின் ரத்த அழுத்தத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் கவலையில் இது மறந்துபோகிற விஷயம், மறக்கக் கூடாத விஷயமும்கூட. கர்ப்பகால ரத்த அழுத்தத்தின் ஆபத்து பிரசவத்தோடு முடிவதில்லை. ஆறு வாரம் வரை நீளலாம். தினமும் அளந்து பாருங்கள். 150/100-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 160/110-ஐத் தொட்டாலோ, கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற வழக்கமான மருந்துகளைப் பால் கொடுக்கும்போது சாப்பிடலாம். பாலுக்காக மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அது நடக்க வேண்டாம்.

இனி பால். பத்து மில்லி என்பது எத்தனை தடவைக்குப் பத்து மில்லி? எட்டுத் தடவை எடுத்தால் 80 மில்லி. நான்கே தடவை என்றால் 40. ஒரு தடவையின் அளவைப் பார்த்து மனம் உடையாமல், 24 மணி நேரத்தின் மொத்தத்தை எழுதி வையுங்கள். முழு அளவுப் பால் என்பது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. உங்கள் மகனுக்கு அது 186 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புகட்டினால் தடவைக்கு 15, 16 மில்லி. எட்டாத உயரம் இல்லை. ஆனால் அவன் வளர வளரத் தேவை கூடும். சுரப்பு எந்த அளவில் நிலைக்கும் என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தீர்மானமாகிறது. அதனால் பதினான்காம் நாளுக்குள் நாளொன்றுக்கு 500 மில்லியை நோக்கிப் போவது நல்லது. குறைமாதம், சிசேரியன், ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் பால் தாமதமாக ஊறுவது வழக்கம். உங்கள் மனைவியின் உடம்பில் குறை எதுவும் இல்லை, தூண்டுதல்தான் போதவில்லை.

ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்துத் தடவை பால் எடுக்க வேண்டும். பகலில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை; இரவில் எந்த இடைவெளியும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் எடுக்கும் ஒரு தடவைதான் எல்லோரும் தவறவிடுவது. சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் அந்த நேரத்தில்தான் அதிகம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் எலெக்ட்ரிக் பம்ப் இருந்தால் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வாடகைக்கும் கிடைக்கும். பம்பின் புனல் அளவு சரியாக இருக்க வேண்டும்: காம்பு உரசாமல் உள்ளே போய்வர வேண்டும். உரசிப் புண்ணானாலோ, சுற்றியுள்ள கறுப்புப் பகுதி முழுக்க உள்ளே இழுக்கப்பட்டாலோ அளவு தவறு. பம்ப் முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் கையால் பீய்ச்ச வேண்டும்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி; முதலில் மார்புக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட்டுவிட வேண்டும். தோலின் மேல் விரலை வழுக்கி இழுக்கக் கூடாது. குழந்தையின் சூட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தாலோ, அவனை மார்பில் வைத்திருந்து இறக்கியதும் எடுத்தாலோ பால் கூடுதலாக வருவதைத் தாய்மார்கள் தாங்களே கவனிக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்தால் இது நடக்காது.

வீட்டில் எடுக்கும் பாலை உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு 25 டிகிரிக்கு. மும்பை வீடுகளின் சூட்டுக்கு அதை நம்ப முடியாது. பாட்டிலில் பெயர், பதிவு எண், தேதி, எடுத்த நேரம் எழுதுங்கள். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜில் வைத்த பாலைப் பல என்.ஐ.சி.யூ.க்கள் 24 மணி நேரம் வரைதான் ஏற்கும். உங்கள் இடத்தின் விதியைச் சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைப்பதும் மைக்ரோவேவும் கூடாது.

பவுடர் பாலுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தானமாகப் பெற்ற தாய்ப்பால் கிடைக்குமா?" ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது. இன்று வேறு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. சில தனியார் ஆஸ்பத்திரிகள் தங்களுக்கென்றே ஏற்பாடு வைத்திருக்கின்றன. கொடுக்கும் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கொடுப்பார்கள். மாட்டுப்பாலில் செய்த பவுடர் பால், குறைமாதக் குழந்தையின் குடல் அழற்சிக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. அதனால்தான் இந்த வரிசை: முதலில் சொந்தத் தாயின் பால், அடுத்து வங்கிப் பால், கடைசியில் குறைமாதக் குழந்தைகளுக்கான பவுடர் பால். வேறு வழியில்லாமல் பவுடர் பாலே தர வேண்டியிருந்தால் தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாயிடம் நேரடியாக வாங்கிக் கொடுப்பதுதான் கூடாது. தாய்ப்பாலில் சேர்க்க ஃபோர்ட்டிஃபையர் என்று ஒரு பொடி வாங்கச் சொன்னால் அது வேறு விஷயம்: 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தையின் எலும்புக்கும் சதைக்கும் வேண்டிய கூடுதல் சத்து அது.

அடுத்தது கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோல் ஒட்ட மார்பில் வைத்திருப்பது. பிறந்த உடனே தொடங்கிய கங்காரு பராமரிப்பு பற்றிய பன்னாட்டு ஆய்வு 2021-இல் வெளியானது. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் பங்கேற்றது. முதல் 28 நாள் இறப்பு அதில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. சிபாபில் இருக்கும் குழந்தைக்கும், நிலைமை சீராக இருந்தால் செய்யலாம். நாளை கன்சல்டன்டிடம் (குழந்தைக்குப் பொறுப்பான மூத்த டாக்டரிடம்) கேளுங்கள்: "கங்காரு இன்று தொடங்கலாமா? இன்று முடியாது என்றால் என்ன சரியானால் முடியும்?" இரண்டாவது கேள்விக்குத்தான் பயனுள்ள பதில் வரும்.

முன்பக்கம் திறக்கும் நைட்டியோ சட்டையோ போட்டு, பாத்ரூம் போய்விட்டு, நாற்காலியில் பாதி சாய்ந்து உட்கார வேண்டும். குழந்தைக்கு டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்காமல் சற்றே நிமிர்ந்திருக்கும்படி சிஸ்டர் வைத்துக் கொடுப்பார். கால்கள் தவளை போல விரிந்திருக்கும். மேலே துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒருமுறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். தூக்கி மாற்றுவதே குழந்தைக்குக் களைப்பு, பத்து நிமிடத்துக்காக அதைச் செய்வதில் பயனில்லை. ஆபீஸ் முடிந்து வரும் நீங்களும் சட்டையைத் திறந்து இதைச் செய்யலாம். குளித்து, சென்ட் போடாமல் வாருங்கள். சளி, காய்ச்சல், தோல் புண் இருக்கும் நாளில் வேண்டாம்.

அதுவரைக்கும் தொடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. விரல் நுனியால் லேசாகத் தடவுவது குறைமாதக் குழந்தைக்குப் பிடிக்காது, அது கூச்சமும் படபடப்பும் தரும். கையைச் சூடாக்கி, ஒரு உள்ளங்கையைத் தலை மேல், இன்னொன்றைப் பாதத்தின் மேல் அசைக்காமல் வையுங்கள். பத்து நிமிடமாவது அப்படியே இருங்கள்.

"பெற்றோருக்கு நேரம் பத்து நிமிடம்தான்" என்று வாசலில் சொன்னால், சண்டை போடாமல், கன்சல்டன்டிடம் எழுத்தில் கேளுங்கள். கங்காரு பராமரிப்புக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 2014-லேயே வந்துவிட்டது, என்.ஐ.சி.யூ. பராமரிப்பில் பெற்றோரைப் பழக்கிச் சேர்த்துக்கொள்வதற்கான வழிகாட்டுதல் 2017-இல் வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்காக எழுதியவைதான் அவை. ஆனாலும் அவற்றைச் சொல்லிக் கேட்டால் பேச்சு எளிதாகும்.

இந்தி தெரியாதது தடையில்லை. மும்பை ஆஸ்பத்திரிகளில் மலையாளி சிஸ்டர்கள் நிறையப் பேர். தமிழில் மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வார்கள். டாக்டரோடு பேசும்போது நீங்கள் போன் ஸ்பீக்கரில் இருந்து மனைவிக்குச் சொல்லிவிடுங்கள்.

மானிட்டர். அது கத்தினால் முதலில் திரையைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். நிறம் சிவப்பாக இருக்கிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இருந்தால் பெரும்பாலும் வயர் நழுவியிருக்கும் அல்லது கால் ஆட்டியிருப்பான். இவ்வளவு குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சு விட மறப்பது உண்மையிலேயே உண்டு: 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதற்குள் இதயத் துடிப்போ ஆக்சிஜனோ இறங்கினாலோ அதற்கு அப்னியா என்று பெயர். மூளையின் மூச்சு மையம் முதிராததுதான் காரணம். சிஸ்டர் முதுகையோ பாதத்தையோ தேய்த்தாலே பல தடவை சரியாகும். காஃபீன் மருந்து இதற்குத்தான். கர்ப்பக் கணக்கில் 34, 36 வாரம் ஆகும்போது பெரும்பாலும் தானாக விலகும். நாளுக்கு ஒன்று இரண்டு வந்துகொண்டிருந்தவனுக்குத் திடீரென எட்டு, பத்து என்று கூடினால் அது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். அன்று டாக்டர்கள் ரத்தம் எடுத்து ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆக்சிஜன் எண் 92 என்று காட்டினால் "கூட்டி வையுங்கள்" என்று கேட்காதீர்கள். ஆக்சிஜன் தரப்படும் குறைமாதக் குழந்தைக்கு 90-இலிருந்து 95-க்குள் வைப்பதுதான் நோக்கம். அதற்கு மேல் போனால் கண்ணின் விழித்திரை ரத்தக்குழாய்கள் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. வெறும் காற்றையே சுவாசிக்கிறான் என்றால் 99, 100 காட்டுவதில் தவறில்லை.

ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்று சொல்வதற்குப் பாதிக் காரணம் ஷிஃப்ட். காலையில் பார்த்த ரெசிடென்ட் வேறு, இரவில் போனை எடுப்பவர் வேறு. இடையில் குழந்தையும் மாறியிருக்கும். கன்சல்டன்ட் பேசும் நேரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, நோட்டில் தினமும் இவற்றை மட்டும் எழுதுங்கள்: இன்றைய எடை, சிபாபின் அழுத்தமும் ஆக்சிஜன் சதவிகிதமும், பால் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, வாந்தி, வயிறு உப்பல், மலம், 24 மணி நேரத்தில் அப்னியா எத்தனை, புதிய மருந்து எதற்காக, எத்தனை நாளைக்கு, தலை ஸ்கேன் எடுத்தார்களா, என்ன வந்தது. ஒரு வாரம் எழுதினால் குழந்தை எந்தப் பக்கம் நகர்கிறான் என்று நீங்களே பார்ப்பீர்கள். எடை இறங்கியதும் அப்படித்தான்: குறைமாதக் குழந்தை முதல் வாரத்தில் 15 சதவிகிதம் வரை இழக்கலாம், உங்கள் மகன் இழந்தது 9. பிறந்த எடைக்கு 10 முதல் 14 நாளில் திரும்ப வேண்டும், அதன்பின் கிலோவுக்குச் சுமார் 15 கிராம் தினமும் ஏற வேண்டும். கடைசி மூன்று நாள் எடையைக் கேளுங்கள்.

கை கழுவுவதில் சலுகை கிடையாது. மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி, நகம் வெட்டி, முழங்கை வரை கழுவுங்கள். போனைத் தொட்டால் மறுபடி. கறுப்புக் கயிறு, விபூதி, வசம்பு எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. ஊரில் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கும். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ ஒரு சொட்டுக்கூட வேண்டாம். மாமியார் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், மகளின் பாலில் சில சொட்டைப் பஞ்சில் நனைத்துக் குழந்தையின் வாயில் தடவச் சிஸ்டர் அனுமதிப்பாரா என்று கேட்டு, அதைத் தாயின் கையால் செய்யுங்கள்.

பணம். உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் குழந்தையின் பெயரை எச்.ஆர். மூலம் இன்றே சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் வைக்காவிட்டாலும் தாயின் பெயரோடு சேர்த்துப் பதியலாம். இதற்குக் கெடு உண்டு, தவறினால் வருத்தப்படுவீர்கள். என்.ஐ.சி.யூ. செலவு பிரசவத்துக்கான சிறு வரம்புக்குள் வருமா, மொத்தக் காப்பீட்டுத் தொகையில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பாலிசிக்குப் பாலிசி மாறும். மூன்று நாளுக்கு ஒருமுறை இடைக்கால பில் வாங்குங்கள். என்.ஐ.சி.யூ. படுக்கைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் இருந்தால் கேளுங்கள். மகாராஷ்டிராவில் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி என்றால், ஏழைகளுக்கு 10 சதவிகிதப் படுக்கை இலவசமாகவும், நலிந்த பிரிவினருக்கு 10 சதவிகிதம் சலுகையிலும் தர வேண்டும். அங்குள்ள மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பாருங்கள். கையில் பணம் தீரும்வரை காத்திருக்காதீர்கள். மாற்ற வேண்டியிருந்தால், இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் சொன்னால் அவரே சயான், கே.இ.எம்., வாடியா போன்ற இடங்களில் பேசிப் படுக்கை உறுதிசெய்து, சூட்டுப் பெட்டியும் ஆக்சிஜனும் உள்ள ஆம்புலன்சில் அனுப்ப முடியும். அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். பில்லுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுக் குழந்தையை வெளியே தூக்கி வருவது மட்டும் கூடாது. மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால், குறைப்பிரசவத்தால் வரும் நோய்க்காக 26 வாரப் பிரசவ விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வரை கூடுதல் விடுப்பு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு.

மனைவியின் அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தாலோ, தூங்க வாய்ப்பிருந்தும் தூங்க முடியாவிட்டாலோ அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல எண்ணில் தமிழிலும் பேசலாம். உங்களுக்கும் அது பொருந்தும்.

எத்தனை நாள் என்றால்: 30 வாரத்தில் பிறந்தவன் பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 35, 37 வார அளவில் வீட்டுக்கு வருவான், இன்னும் ஒன்றரை மாதம் ஆகும் என்றே மனதைத் தயார்ப்படுத்துங்கள். சிபாபிலிருந்து இறங்க வேண்டும், குழாய்ப் பாலிலிருந்து பாலாடைக்கும் பிறகு நேரடியாக மார்புக்கும் வர வேண்டும், வெளியில் சூடு தங்க வேண்டும், ஐந்து முதல் ஏழு நாள் அப்னியா இல்லாமல் இருக்க வேண்டும், எடை தொடர்ந்து ஏற வேண்டும். போவதற்கு முன் ஓரிரு இரவு தாயும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலேயே ஒரே அறையில் தங்கிப் பழகக் கேளுங்கள். தடுப்பூசிகள் பிறந்த தேதிக் கணக்கில். வளர்ச்சியை மட்டும் இரண்டு வயது வரை, டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் தேதி தவறக் கூடாதது கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு முதல் பரிசோதனை பிறந்து முப்பது நாளுக்குள். நோய் இருந்தால் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. லேசரோ ஊசியோ தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். தாமதமானால் பார்வை திரும்பாது. முதல் தடவை சரி என்று சொன்னாலும், ரத்தக்குழாய்கள் முழுதாக வளரும்வரை மறுபடி மறுபடி வரச் சொல்வார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினாலும், அதற்குள் டிஸ்சார்ஜ் ஆனாலும் அந்தத் தேதி மாறாது. இன்றே காலண்டரில் முப்பதாம் நாளைக் குறித்து வையுங்கள். அதற்கு முந்தின வாரமே, பரிசோதனை எந்த நாளில், யார் செய்வார் என்று கன்சல்டன்டிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.